பேட்டரி மேல் ஒரு கையெழுத்து

கிறிஸ்துராஜ் மாதா கோயிலுக்குப் போனால் செருப்பை வாசலில் விட்டுப் போகிற ஆள் இல்லை. மடித்த மஞ்சள் பை ஒன்று எப்போதும் பேண்ட் பாக்கெட்டில் இருக்கும். செருப்பை அதில் போட்டுக் கையோடு உள்ளே கொண்டுபோய், முழந்தாளிடும்போது தொடைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். காஸ் சிலிண்டர் வந்தால் சீலைப் பார்த்து, எடை போட்டு, அதற்கப்புறமும் தூக்கி வந்தவன் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மனைவி செலின் கேட்டால், "இன்னாத்துக்குக் கேக்குற?" என்று திருப்பிக் கேட்பார். அந்த அம்மா இருபத்துநாலு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டாள். அவளுக்குத்தான் கோயில் கட்ட வேண்டும்.

சும்மா வந்த புத்தி இல்லை அது. சம்பளம் வாங்கிப் பழகிய சந்தேகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் டிவி சர்க்யூட் போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் பதின்மூன்று வருஷம் அவருக்கு டெஸ்டிங் டேபிள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால், நன்றாக இருக்கிற போர்டில் என்ன கோளாறு என்று தேடுவதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கம்பெனி ஒருநாள் கதவைச் சாத்தியது. கையில் சால்டரிங் கம்பியும் மண்டையில் சந்தேகமுமாக மனுஷன் வெளியே வந்தார். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டில், ஆறடிக்கு எட்டடி இடம் பிடித்து, 'செலின் மொபைல்ஸ்' என்று போர்டு மாட்டினார்.

கடை திறந்த மறு வருஷம் ஒருத்தன் வந்தான். சார்ஜர் ஓட்டையைச் சரிபார்க்கப் போன் கொடுத்தவன், மறுநாள் ஆறு பேரோடு வந்து, "உள்ள இருந்த ஒரிஜினல் டிஸ்ப்ளேய உருவிகினு டூப்ளிகேட் போட்டுட்டான்" என்று நடு ரோட்டில் கத்தினான். கிறிஸ்துராஜ் டிஸ்ப்ளேயைத் தொடக்கூட இல்லை. ஆனால் தொடவில்லை என்று எப்படிக் காட்டுவது? கன்னத்தில் ஒன்று விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய வாடிக்கைக்காரர்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்ததுதான் அந்த வழக்கம். யார் போன் கொடுத்தாலும் அவர்கள் கண்ணெதிரே பின்பக்கத்தைத் திறப்பார். மார்க்கர் பேனாவை நீட்டுவார். "பேட்டரி மேல கையெழுத்துப் போடு." போட்டதும் தன் பழைய போனில் ஒரு படம். வேலை முடிந்து மூடுவதற்கு முன்னால், அதே கோணத்தில் இன்னொரு படம். மாற்றி எடுத்த பழைய பாகத்தைச் சின்னக் கவரில் போட்டுக் கையில் திணித்துவிடுவார். முதலில் சனங்கள் சிரித்தார்கள். "இன்னா அண்ணாத்தே, பத்திரப் பதிவா நடக்குது?" என்றார்கள். பிறகு பழகிவிட்டது. போனைக் கொடுத்த கை தானாகவே மார்க்கருக்கு நீளும். ஸ்டேஷன் ரோட்டில் வேறெந்தக் கடையிலும் இந்தக் கூத்து கிடையாது.

இரண்டு காரியம் மட்டும் அவர் செய்யமாட்டார். பில் எழுதமாட்டார்; வந்தவர் பேர், நம்பர், விலாசம் டோக்கன் நோட்டில் ஏறுவதோடு சரி. 'ஒரிஜினல்' என்ற வார்த்தையை வாயில் எடுக்கமாட்டார். "வெளிப் பார்ட்டுதான் போடுவேன். நல்லா உழைக்கும். புட்ச்சா போடு, இல்லாங்காட்டி கம்பெனிக்குப் போ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கம்பெனி தன் பாகத்தை இவர் மாதிரிக் கடைக்காரனுக்கு விற்காது. சர்வீஸ் சென்டருக்கே போனால், ரிப்பேருக்கு ஆகிற செலவில் புதுசே வாங்கிக்கொள்ளலாமே என்று சிரித்த முகத்தோடு சொல்வான். போன் நம்முடையது, உழைத்து வாங்கினது நாம், உள்ளே இருக்கிற ஸ்க்ரூ மட்டும் அவனுக்குச் சொந்தமாம்! கேட்டால் வயிறு எரியாதா? அதனால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய் வெளிப் பார்ட்டுகளைப் பொறுக்கி, டெஸ்ட் பண்ணி, வாங்கி வருவார். அதில் ஒரு தப்பும் இல்லை என்று அவருக்குத் தெரியும். தப்பில்லை என்று தெரிந்தும் பயம் போகவில்லை.

பயத்துக்குத் தண்ணீர் ஊற்றியவன் டில்லிபாபு. பக்கத்துக் கடை. விற்பது போன் கவரும் ஸ்க்ரீன் கண்ணாடியும். இலவசமாகக் கொடுப்பது வதந்தி.

"மாமே, ஆவடில ஒரு கடைய மூடிட்டாங்க, தெரியுமா? ஒரு பொண்ணு வந்துச்சாம். டீசன்டா. கழுத்துல ஐடி கார்டு. 'அண்ணா, இது எந்தக் கம்பெனி பார்ட்டு, எழுதிக் குடுங்க'ன்னு கேட்டுச்சாம். இவனும் எழுதிக் குட்த்துகீறான். அடுத்த வாரம் ஜீப்பு வந்து நிக்குது. அள்ளிகினு பூட்டாங்க."

"எந்தக் கடை?"

"அதெல்லாம் தெரியாது மாமே. ஆனா நடந்துச்சு."

எந்தக் கடை, என்ன ஜீப், யார் அந்தப் பெண், ஒன்றும் தெரியாது. போர்டில் ஒரு கோடு மங்கினால்கூட மூன்று தடவை மீட்டர் வைத்துப் பார்க்கிற கிறிஸ்துராஜ், இதை மட்டும் அப்படியே விழுங்கிவிட்டார். சந்தேகப் பிராணிகள் எல்லாரும் இப்படித்தான். நல்லதை நம்பத்தான் சாட்சி கேட்பார்கள்.

போன ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நிவேதிதா வந்து நின்றாள். முப்பது வயசிருக்கும். கழுத்தில் ஐடி கார்டு. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம். போன் இல்லை. ரிப்பேர் கடைக்கு போன் இல்லாமல் ஒருத்தி வருகிறாள் என்றதுமே கிறிஸ்துராஜ் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார்.

"அண்ணா, போன வருஷம் ஏப்ரல்ல உங்ககிட்ட ஒரு போன் குடுத்தேனுங்க. நீல கலர். டிஸ்ப்ளே ஒடஞ்சு போயிருந்துச்சு." கரூர்ப் பக்கத்துப் பேச்சு.

"டெய்லி இருவது போன் வருது. இன்னா விஷயம்?"

"போன மார்ச்ல அது சார்ஜ்ல இருந்துச்சுங்க. மணி அடிச்சுது. பாப்பா எடுத்து எங்கிட்ட நீட்டுனா. கையிலயே வெடிச்சிருச்சுங்க. அஞ்சு வயசு."

 அவள் கடிதத்தை கவுன்டர் கண்ணாடி மேல் வைத்தாள். சர்வீஸ் சென்டர் கொடுத்தது. போன் ஏற்கெனவே வெளியாட்களால் திறக்கப்பட்டு, வெளிப் பாகம் பொருத்தப்பட்டிருக்கிறது, ஆகவே நடந்ததற்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று இங்கிலீஷில் நாலு வரி.

"போனையே வாங்கி வெச்சுக்கிட்டாங்க. நீங்க டிஸ்ப்ளே மாத்துனது எனக்குத் தெரியும். பேட்டரியையும் மாத்துனீங்களாண்ணா? நான் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன், மூடுறப்போ பாக்கலீங்க. உள்ள என்ன போட்டீங்க, எந்தக் கம்பெனி பார்ட்டுன்னு கொஞ்சம் எழுதித் தர முடியுங்களா?"

எழுதித் தர முடியுங்களா! டில்லிபாபு சொன்ன அதே வார்த்தை. அதே ஐடி கார்டு. கிறிஸ்துராஜின் மண்டைக்குள் ஜீப் வந்து நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு பயம். போன வருஷம் ஏப்ரலில் எத்தனை போனுக்கு வெளி பேட்டரி போட்டோம்? இதற்கும் போட்டிருந்தால்? ஒரு குழந்தையின் கையைச் சுட்டது நம் பேட்டரியாக இருந்தால்?

"உன் போன நான் பாத்ததே இல்லமா" என்றார்.

"இந்தக் கடைதாங்க. மார்க்கர் குடுத்துக் கையெழுத்து வாங்குனீங்களே."

"மார்க்கரு எல்லாக் கடையிலயும் கீது. நீ வேற எங்கியோ குட்த்துட்டு இங்க வந்து நிக்கிற. பாத்ததே இல்லன்றேன்ல?"

பச்சைப் பொய். சொல்லும்போதே காது சூடாகிவிட்டது. அவள் சத்தம் போடவில்லை.  கடிதத்தை எடுத்து உறைக்குள் சரியாக நுழைத்துக்கொண்டு போய்விட்டாள். டில்லிபாபு எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "கரெக்டா சொன்ன மாமே. அவளேதான்."

அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. எதிரில் வெள்ளைக் கார் நின்றால் ஷட்டரைப் பாதி இறக்கினார். புது ஆள் வந்தால் "இங்க ரிப்பேர் இல்ல, ரீசார்ஜ்தான்" என்றார். மூன்றாவது வாரம், கடையிலிருந்த வெளி பேட்டரிகள் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளினார். செலின் சும்மா இருப்பாளா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பெருக்கும்போது துடைப்பம் பெட்டியில் இடித்தது. பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாயா இது? கடைச் சாமான ஊட்டுக்கு ஏன் எட்த்தாந்த?"

மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார்.

செலின் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "கரூர்ப் பொண்ணா? போன வருசம் நம்ம கடையில பல்லு வலின்னு கன்னத்தப் புட்ச்சிகினு உக்காந்திருந்துச்சே, நான்கூட கிராம்பு குட்த்தேனே, அதுவா? அதப் போயி பாத்ததே இல்லன்னியா?"

"நீ ஒண்ணு. அது வேவு பாக்க வந்திருந்தா?"

"சரி. நீ பேட்டரி போட்டியா, இல்லியா?"

"போட்டிருப்பேன்."

"போட்டிருப்பேன்னா? போட்டோவப் பாத்தியா?"

கிறிஸ்துராஜ் பாக்கெட்டிலிருந்த பழைய போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பாக்கல!" செலினுக்குக் குரல் உடைந்தது. "கீரக்கட்ட அவுத்து எல எலையா பாக்குற ஆளு நீ. கொழந்த கை வெந்துட்ச்சின்னு ஒருத்தி வந்து நிக்கிறா. ஒரு போட்டோவத் தொறந்து பாக்கத் துப்பில்ல உனக்கு. இத்தினி வருசமா எல்லாத்தியும் படம் புட்ச்சி வெச்சியே, எதுக்கு வெச்ச?"

அவர் பாக்கெட்டிலிருந்து பழைய போனை எடுத்தார். ஆயிரக்கணக்கில் படங்கள். விரலால் தள்ளித் தள்ளி, மதியச் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் தேடினார். போன வருஷம் ஏப்ரல் பத்தொன்பது. நீல போன், பின்பக்கம் திறந்து. பேட்டரி மேல் கம்பெனியின் முத்திரை, அதற்குக் கீழே மார்க்கரில் 'நிவேதிதா'; கடைசி எழுத்தின் வால் பேட்டரி ஓரம் வரை இழுத்து விட்டிருக்கிறது. அடுத்த படம், அன்று பிற்பகல் மூடுவதற்கு முன். அதே முத்திரை. அதே கையெழுத்து. அதே வால். பேட்டரி தட்டையாக, உப்பல் இல்லாமல் இருக்கிறது. மாறியது டிஸ்ப்ளே மட்டும்தான்.

வெடித்தது கம்பெனியின் சொந்த பேட்டரி.

அந்த நாலு வரிக் கடிதத்தை இப்போது நினைத்துப் பார்த்தார். 'வெளிப் பாகம்' என்றுதான் இருந்தது. எந்தப் பாகம் என்று இல்லை. பேட்டரி என்ற வார்த்தையே அதில் இல்லை. எழுதினவன் கெட்டிக்காரன். படிக்கிறவர்கள் தாங்களாகவே பேட்டரியைச் சேர்த்துப் படித்துக்கொள்வார்கள் என்று விட்டிருக்கிறான். அவளும் அப்படிப் படித்துத்தான் வந்து கேட்டாள். உலகத்தில் எதையும் நம்பாத கிறிஸ்துராஜும் அப்படியேதான் படித்தார். தன் மேலேயே சந்தேகப்பட்டு, தனக்கிருந்த ஒரே சாட்சியைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"வாட்ஸ்அப்ல அனுப்பு" என்றாள் செலின்.

"அனுப்பிட்டா அது யார் யார் கைக்குப் போவும்னு..."

செலின் பார்த்த பார்வையில் மீதிப் பேச்சு நின்றுவிட்டது. டோக்கன் நோட்டில் இருந்த அவள் நம்பருக்கு போன் போட்டார். கட் ஆனது. திரும்பப் போட்டார். திரும்பவும் கட்.

திங்கட்கிழமை கடையைத் திறக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் இரண்டு படத்தையும் ஒரே தாளில் கலரில் எடுத்துக்கொண்டார். டோக்கனில் எழுதியிருந்த விலாசம் கோவில்பதாகையில் ஒரு அடுக்குமாடி, பி பிளாக். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு கேட்டுக்குப் போனார். செக்யூரிட்டி உத்தமன் பேர், ஊர், வந்த காரியம் எல்லாம் கேட்டு, போட்டோ எடுத்து, அப்புறம் இன்டர்காமை எடுத்தான்.

"மேடம், கிறிஸ்துராஜ்னு ஒருத்தரு. செலின் மொபைல்ஸாம். உங்களப் பாக்கணுமாம்."

கேட்டுவிட்டு வைத்தான்.

"போய்யா அண்ணாத்தே. அந்தாள நான் பாத்ததே இல்லன்றாங்க."

கிறிஸ்துராஜுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ரோட்டில் வாங்கிய அறைகூட இப்படி வலிக்கவில்லை. அன்றைக்கு அவர் தப்புப் பண்ணியிருக்கவில்லை.

"கொஞ்சம் நிக்கிறேம்பா. கொழந்த ஸ்கூல் வேன் எத்தினி மணிக்கு வரும்?"

அவ்வளவுதான், உத்தமனுக்கு அது போதும். "கொழந்தையப் பத்தி இன்னாத்துக்குக் கேக்குற? யார்யா நீ? எடத்தக் காலி பண்ணு, இல்லாங்காட்டி போலீசக் கூப்புடுவேன்" என்று தடியைத் தட்டினான். கிறிஸ்துராஜுக்குக் கோபம் வரவில்லை. தானாயிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று தெரிந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்றார். உத்தமன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றே முக்காலுக்கு வேன் வந்தது. நிவேதிதா மாடியிலிருந்து இறங்கி வந்து கேட் அருகே நின்றாள். குழந்தை இடதுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. வலதுகையில், முழங்கை வரைக்கும், தீக்காயத் தழும்புக்குப் போடுகிற, தோல் நிறத்தில் இறுக்கமான உறை. கிறிஸ்துராஜ் ரோட்டைக் கடந்தார். உத்தமன் தடியோடு ஓடி வந்தான்.

"நிவேதிதா மேடம்! ஒரு நிமிசம். இத மட்டும் பாத்துடு. அப்பாலிக்கா என்னப் போலீசுல குடு."

தாளை நீட்டினார். அவள் குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வாங்கவில்லை. ஆனால் கண் தாளில் விழுந்துவிட்டது. தன் கையெழுத்து. இரண்டு தடவை.

"இது தொறந்தப்போ. இது மூடுறப்போ. தேதி, நேரம் எல்லாம் கீது பாரு. பேட்டரி கம்பெனியோடது மா. அவங்க போட்டது. நான் தொடவே இல்ல. டிஸ்ப்ளேதான் மாத்துனேன். டிஸ்ப்ளே கழட்டச் சூடு காட்டுவோம், அதுல எதனா ஆச்சான்னு கேட்டா, ஆவலன்னுதான் நெனைக்கிறேன். அதையும் வேணா சொல்றேன். ஆனா நீ மலிவு பேட்டரி போட்டு கொழந்தைக்கு இப்டி ஆவல."

அவள் தாளை வாங்கினாள். முதல் படத்தைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், திரும்ப முதல் படம்.

"அப்ப நான் பண்ணலீங்களா?"

"நீ பண்ணலமா."

அவள் அப்படியே கேட் தூணில் சாய்ந்துகொண்டாள். உத்தமன் தடியைத் தாழ்த்தினான். குழந்தை அம்மாவின் துப்பட்டாவை இடதுகையால் இழுத்து, "அம்மா, அழாத" என்றது.

"ரோட்டுக் கடையில குடுத்து எம் பேத்தி கைய எரிச்சிட்டியேன்னு மூணு மாசமா எங்க மாமியார் கேட்டுட்டே இருந்தாங்க. இல்லைன்னு சண்டை போட்டுட்டு இருந்தேன். உங்ககிட்ட வந்துட்டுப் போனதுக்கப்புறம்..." மூக்கை உறிஞ்சினாள். "கடைக்காரரே இல்லைங்குறாரு, அப்ப எங்க குடுத்தேன்கிறதே எனக்குச் சரியா ஞாபகமில்ல, தப்பு எம்மேலதான்னு அவங்ககிட்ட ஒத்துக்கிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். பாப்பாகிட்டயும் கேட்டேன். அன்னைக்கே இதைத் தொறந்து காட்டியிருக்கலாமில்லீங்களா?"

"காட்டிருக்கலாம்."

"ஏன் காட்டல?"

"பயம் மா. நீ வேவு பாக்க வந்தவன்னு நெனச்சிட்டேன். கழுத்துல கார்டு போட்டுகினு இருந்த."

அழுகைக்கு நடுவே அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையின் ஸ்கூல் பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தாள்.

"திருவள்ளூர்ல நுகர்வோர் கோர்ட்டுல போடப் போறேன். வருவீங்களா?"

"வரேன்."

"நாளைக்குக் கேட்டா பாத்ததே இல்லைம்பீங்க." பேனாவை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க."

கிறிஸ்துராஜ் சுற்றும் முற்றும் பார்த்தார். பழைய பழக்கம். தாளை கேட் தூணில் வைத்து, இரண்டு படத்துக்கும் கீழே, 'இந்தப் போனை ரிப்பேர் செய்தது நான்தான்' என்று எழுதி, முழுப் பேர் போட்டார். கடை பேர் எழுதினார். தேதி போட்டார். இத்தனை வருஷத்தில் அவர் கையெழுத்து வாங்காத ஆள் அந்த ஏரியாவில் இல்லை. ஒருத்தருக்கும் போட்டுக் கொடுத்ததில்லை. கடைசி எழுத்து கோணிப்போனது.

"அப்படியே நெஞ்சுக்கு நேரா புடிங்க" என்றாள் நிவேதிதா. தன் போனை எடுத்தாள்.

அவர் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். அவள் ஒரு படம் எடுத்தாள். பெரிதாக்கி, கையெழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். திருப்தியில்லை. அதே கோணத்தில் இன்னொன்று எடுத்தாள்.